கடலுக்கடியில் வாத்தியார் வேலை

நெல்லியடிச் சந்தியின் மதில்களில் வெறும் இடம் கிடைப்பது கஷ்டம். பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் என்று பாடம்பாடமாக ரியூசன் விளம்பரங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாஸ்டரின் பெயர். அதே சந்தியால் போகும் 750 இலக்க பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பருத்தித்துறைக் கடற்கரை. படிப்பிப்பதில் இவ்வளவு பேர்போன ஊர், கடலோ இவ்வளவு கிட்ட. இரண்டும் சேரும் ஒரு தொழில் உலகில் இருக்கிறது. வடமராட்சியில் அதைப் பற்றிக் கதைப்பவர்கள்தான் மிகக் குறைவு. ஸ்கூபா பயிற்றுநர் வேலை அது.

முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூச்சுவிட்டபடி இறங்குவதுதான் ஸ்கூபா. 1943இல் பிரான்ஸில் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கன்யான் என்ற பொறியியலாளரும் சேர்ந்து உருவாக்கிய கருவிதான் இன்றைய ஸ்கூபாவின் தாய். சுழியோடி மூச்சை இழுக்கும்போது மட்டும், அவர் நிற்கும் ஆழத்தின் அழுத்தத்துக்கு ஏற்ற அளவில் காற்றை விடும் ஒரு வால்வுதான் அதன் சூட்சுமம்.

அந்தக் கருவி கடைக்கு வந்த பிறகு அதை வாங்கியவர்களில் பலர் ஒழுங்காகப் பழகாமலே கடலில் குதித்தார்கள். பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று 1966இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இரண்டு பேர் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஜோன் குரோனின் ஸ்கூபா உபகரண விற்பனையாளர். ரால்ஃப் எரிக்சன் நீச்சல் ஆசிரியர். அந்த அமைப்புத்தான் இன்று உலகெங்கும் கிளை பரப்பியிருக்கும் ‘பாடி’. எஸ்.எஸ்.ஐ., சி.எம்.ஏ.எஸ். போன்ற வேறு அமைப்புகளும் உண்டு. விற்பனையாளரும் வாத்தியாரும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்பதால், இந்தத் தொழிலுக்கு இன்றுவரை இரண்டு முகம். ஒரு பக்கம் கண்டிப்பான பாடத்திட்டம், மறுபக்கம் ‘அடுத்த கோர்ஸையும் இப்போதே பதியுங்கள்’ என்ற வியாபாரம். வேலை தேடிப் போகிறவர் இரண்டுக்கும் ஆயத்தமாகப் போவது நல்லது.

நீச்சல் வடமராட்சிக்குப் புதிதல்ல. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையை ஒரே தொடரில் போய்வரவும் நீந்தினார், 51 மணித்தியாலம். 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் உயிர் போனது. அதற்கும் முன்னால், வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் ஊர்க் கடலோடிகளுடன் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்த கதையும் உண்டு.

ஆனால் இந்தப் பெருமைகள் எல்லாம் கடலின் மேற்பரப்பில் நடந்தவை. கடலுக்குள் இறங்குவது வடக்கில் நெடுங்காலமாக வயிற்றுப்பிழைப்பு. மன்னாரில் முத்துக்குளிப்பு, யாழ்ப்பாணக் கடலில் சங்கு, இப்போது கடலட்டை. வடமராட்சி கிழக்கு மக்களிடம் சிலிண்டர் என்று சொல்லிப் பாருங்கள், அட்டைத் தொழில்தான் முதலில் நினைவுக்கு வரும். 2018இல் மருதங்கேணிப் பக்கம் வெளிமாவட்டத் தொழிலாளர்கள் வாடி அமைத்து இரவில் வெளிச்சம் பாய்ச்சி அட்டை பிடித்ததை எதிர்த்து உள்ளூர் மீனவர்கள் பெரிய போராட்டமே நடத்தினார்கள்.

அட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிற சுழியோடிகள் பலர் நல்ல தைரியசாலிகள். எந்தப் பயிற்றுநரையும் விட அதிக நேரம் கடலடியில் கழித்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. அவர்களைப் பயிற்றுநர் ஆக்கிவிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. காரணம் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருக்கிறது.

தண்ணீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். மேலே 1 என்றால் 10 மீற்றரில் 2, 30 மீற்றரில் 4. போயிலின் விதிப்படி, மேலே ஊதிய பலூன் 30 மீற்றரில் கால்வாசியாகச் சுருங்கும். சிலிண்டர்க் காற்றும் அதே கணக்கில் தீரும். 10 மீற்றரில் ஒரு மணித்தியாலம் வரும் காற்று 30 மீற்றரில் அரை மணித்தியாலம்தான். இதன் மறுபக்கம் ஆபத்தானது. 10 மீற்றரில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துவிடும். அதனால்தான் ஸ்கூபாவின் முதல் பாடமே மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. அடக்கி நீந்திப் பழகிய கடற்கரைப் பிள்ளைக்கு இதை மாற்றிப் பழகுவது, நீச்சலே தெரியாத நகரத்துப் பிள்ளைக்கு ஆவதை விடக் கஷ்டமாகலாம்.

அடுத்தது நைதரசன். ஆழத்தில் சுவாசிக்கும் நைதரசன் இரத்தத்திலும் இழையங்களிலும் கரைந்து சேரும். மெதுவாக மேலே வந்தால் அது சுவாசத்தோடு வெளியேறிவிடும். அவசரப்பட்டு வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோல உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டுவலியில் தொடங்கிக் கால் விளங்காமல் போவதுவரை அதன் விளைவுகள் பல. ஒரே நாளில் பல தடவை கணக்குப் பார்க்காமல் இறங்கி ஏறும் அட்டைத் தொழிலாளர்களிடையே இந்த நோய் அறியப்பட்டது. அதற்கான அமுக்க அறைச் சிகிச்சை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உண்டு. பொழுதுபோக்குச் சுழியோடலில் ஏறும் வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மேலே வருமுன் 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம். மணிக்கட்டில் கட்டிய கம்பியூட்டர் எவ்வளவு நேரம் மிச்சம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். பல தடவை இறங்கியவர் விமானம் ஏற 18 மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பது வேறு, பயந்துபோன ஒருவருக்குப் புரியவைப்பது வேறு. பயிற்றுநர் சம்பளம் வாங்குவது இரண்டாவதற்கு.

படிகள் ‘பாடி’ முறையில் இப்படிப் போகும். முதலாவது ‘ஓப்பன் வோட்டர்’. மூன்று நான்கு நாள், நீச்சல் தடாகத்தில் பழகி, பிறகு கடலில் நான்கு தடவை இறங்க வேண்டும். 200 மீற்றர் நிற்காமல் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சித்தியடைந்தால் 18 மீற்றர்வரை இறங்கலாம். அடுத்த ‘அட்வான்ஸ்ட்’ சான்றிதழ் 30 மீற்றர்வரை கொண்டுபோகும். பிறகு ‘ரெஸ்கியூ’, அதாவது முதலுதவியும் மீட்பும். அதுவரை நீங்கள் காசு கொடுக்கும் மாணவர்.

தொழில் தொடங்குவது ‘டைவ்மாஸ்டர்’ படியில். வயது 18 ஆகியிருக்க வேண்டும். குறைந்தது 40 தடவை இறங்கிய பதிவோடு தொடங்கி, முடிக்கும்போது 60 ஆக்க வேண்டும். 400 மீற்றர் நீச்சல், 15 நிமிடம் மிதத்தல், களைத்த ஒருவரை 100 மீற்றர் இழுத்து வருதல் எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துப் புள்ளி போடுவார்கள். வடமராட்சிப் பிள்ளைகள் இந்தக் கட்டத்தைக் கடப்பது பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை. டைவ்மாஸ்டர் ஆனால் சான்றிதழ் உள்ளவர்களைக் கடலடியில் வழிகாட்டிக் கூட்டிப்போகலாம். புதியவருக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

அதற்குத்தான் ‘ஐ.டி.சி.’ என்ற பயிற்றுநர் பயிற்சி. முதல் சான்றிதழ் எடுத்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்; கடைசிப் பரீட்சைக்குப் போகும்போது பதிவுப் புத்தகத்தில் 100 தடவை இருக்க வேண்டும். பரீட்சை எடுப்பவர் பயிற்றுவித்த கடைக்காரர் அல்ல, அமைப்பே அனுப்பும் பரீட்சகர். பௌதிகம், உடற்றொழில், உபகரணம் என்று எழுத்துப் பரீட்சை. அதைத் தாண்டினால் தடாகத்திலும் கடலிலும் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மாணவர்களாக நடிப்பவர்கள் வேண்டுமென்றே பிழை விடுவார்கள். அந்தப் பிழையைக் கண்டு திருத்தினீர்களா என்பதற்குத்தான் புள்ளி.

ஒரு பிழை எப்படி இருக்கும்? முகமூடிக்குள் வரும் தண்ணீரை வெளியேற்றுவதை எடுங்கள். புது மாணவர் அதிகம் பயப்படும் பாடம் அதுதான். இரண்டு மீற்றர் ஆழத்தில் மாணவர் முழங்காலில் நிற்கிறார். முகமூடியின் மேல் விளிம்பை மெதுவாகத் திறந்து பாதியளவு தண்ணீர் விட வேண்டும். கண் எரியும், மூக்குக்குள் தண்ணீர் போகும். வாயால் காற்று வந்துகொண்டிருக்கிறது என்பது மூளைக்குத் தெரிந்தாலும் உடம்பு நம்பாது. மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, மூக்கால் நீளமாக ஊதினால் தண்ணீர் கீழ் விளிம்பால் போய்விடும். மாணவர் குனிந்தபடி ஊதினால் போகாது. வாயால் ஊதினாலும் போகாது. இரண்டும் சரிவராமல் அவர் மேலே பாயப் பார்க்கும் அந்த ஒரு நொடிக்காகப் பயிற்றுநரின் வலது கை அவருடைய தோள்பட்டைப் பட்டிக்குப் பக்கத்திலேயே காத்திருக்கும். கண் அவர் கண்ணை விட்டு நகராது. கத்த முடியாது, அடிக்க முடியாது, ‘இதுகூடத் தெரியாதா’ என்று கேட்க முடியாது. நமது வாத்தியார்மார் சிலருக்கு இந்த இடத்திலேயே வேலை பறிபோய்விடும்.

சைகையிலும் கவனம் வேண்டும். பெருவிரலை உயர்த்தினால் தரையில் ‘நல்லது’. தண்ணீருக்குள் ‘மேலே போவோம்’. நம் ஊர்த் தலையாட்டலுக்கு அங்கே அர்த்தமே இல்லை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினால்தான் ‘சரி’.

இவ்வளவையும் படிக்க வடமராட்சிக்கு அருகிலுள்ள பெரிய இடம் திருகோணமலை. பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது, மண்டி கலங்கியது. இழுவைமடிப் படகுகள் அடித்தளத்தை வாரிக்கொண்டு போனதும் சேர்ந்து பொழுதுபோக்குச் சுழியோடலுக்கு இடையூறு. போர்க்காலத்தில் வடக்குக் கடலில் மீன்பிடிக்கே தடையும் நேரக்கட்டுப்பாடும் இருந்ததால் 2009வரை இப்படியொரு தொழிலை நினைத்துப் பார்க்கவும் வழியில்லை. திருகோணமலைக் கதை வேறு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஸ்கூபா நிலையங்கள் உள்ளன. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலை 2003இல் தேசியப் பூங்கா ஆனது. பவளப்பாறைக்கும் கருமுனைச் சுறாக்களுக்கும் பேர்போனது.

கோணேசர் கோயில் நிற்கும் மலையின் அடிவாரமும் சுழியோடிகள் இறங்கும் இடம். போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய பழைய கோயிலின் தூண்களை 1956இல் மைக் வில்சன் என்ற சுழியோடி அங்கே கண்டார். அவருடைய கூட்டாளி, விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். அந்த ஆண்டில் இலங்கையில் குடியேறிய கிளார்க்கை இங்கே இழுத்தது ஆகாயம் அல்ல, கடல். அவர் பிறகு தொடங்கிய சுழியோடல் நிலையம் ஹிக்கடுவையில் இயங்கியது; 2004 சுனாமி அதை அழித்தது. இந்த இருவருக்கும் இலங்கைக் கடலைக் காட்டியவர் ரொட்னி ஜொங்கிளாஸ் என்ற உள்ளூர்ச் சுழியோடி. வெளிநாட்டவரின் புகழுக்குப் பின்னால் உள்ளூர்ச் சுழியோடி ஒருவர் நிற்பது அன்றைக்கே தொடங்கிய வழக்கம்தான்.

மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹேர்மீஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. 307 பேர் இறந்த இடம். பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40 மீற்றர் என்பதால் அதற்கு விசேடப் பயிற்சி வேண்டும். உலகின் பல நாடுகளிலிருந்து சுழியோடிகள் அதற்காகவே இலங்கை வருகிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம். சுழியோடலுக்கு இலங்கையில் ஒரு வசதி, பருவக்காற்று தீவை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது. மே முதல் செப்ரெம்பர்வரை கிழக்குக் கடல் தெளிவாக இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல்வரை தெற்கும் மேற்கும். அதனால் அரை ஆண்டு நிலாவெளி, அரை ஆண்டு ஹிக்கடுவை அல்லது உனவட்டுன என்று ஒரே பயிற்றுநர் ஆண்டு முழுவதும் தொழில் செய்யலாம். ஆனால் அதற்குச் சிங்களம் தெரியாமல் சரிவராது. ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன் ஏதாவது ஒன்று தெரிந்தால் சம்பளப் பேச்சே மாறும். கிழக்கின் நல்ல மாதங்களான ஜூலை, ஓகஸ்ட்டில்தான் நல்லூர்த் திருவிழாவுக்கென்று புலம்பெயர்ந்த குடும்பங்களும் பிள்ளைகளோடு வருகின்றன. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் பிறந்து, தமிழ் விளங்கும் ஆனால் பேச வராத அந்தப் பிள்ளைகளையும், சந்தேகத்தோடு கரையில் நிற்கும் அம்மம்மாவையும் ஒரே நேரத்தில் சமாளிக்கத் தெரிந்த ஆள் நெல்லியடியிலிருந்துதான் போக முடியும். இந்தச் சந்தையை யாரும் இன்னும் ஒழுங்காகத் தொடவில்லை என்பது இந்தக் கட்டுரையாளரின் எண்ணம்.

வெளியே போவதென்றால் மாலைதீவு கிட்ட. ஏறக்குறைய 1,200 தீவுகள்; சுற்றுலா விடுதி இருந்தால் பெரும்பாலும் சுழியோடல் நிலையமும் இருக்கும். தங்குமிடமும் சாப்பாடும் விடுதியோடு. அங்கே பொழுதுபோக்குச் சுழியோடலுக்குச் சட்டப்படி எல்லை 30 மீற்றர். தாய்லாந்தின் கோ தாவ் தீவு இன்னொரு துருவம். 21 சதுரக் கிலோமீற்றர் மட்டுமே உள்ள, முன்பு அரசியல் கைதிகளை அடைத்து வைத்த அந்தத் தீவு இன்று உலகிலேயே மிக அதிகமாகச் சுழியோடல் சான்றிதழ் வழங்கும் இடங்களில் ஒன்று. மலிவாகப் படிக்கலாம், உண்மை. ஆனால் படித்து முடித்தவர்களே தெருவெல்லாம் நிற்பதால் அங்கே வேலையின் விலையும் மலிவு.

தமிழ்நாட்டுப் பக்கமும் இந்தத் தொழில் வளர்கிறது. புதுச்சேரியில் ‘டெம்பிள் அட்வென்ச்சர்ஸ்’ போன்ற நிலையங்கள் உண்டு. 2021 பெப்ரவரியில் சென்னை நீலாங்கரைக் கடலில் 60 அடி ஆழத்தில் ஒரு ஜோடி மாலை மாற்றித் தாலி கட்டியது; அவர்களை இறக்கியவர் புதுச்சேரிப் பயிற்றுநர் அரவிந்த் தருண்ஸ்ரீ. அவரே கடலடிப் பிளாஸ்ரிக்கைப் பொறுக்கும் வேலையாலும் அறியப்பட்டவர். பயிற்றுநரின் வருமானம் பாடத்தால் மட்டும் வருவதில்லை என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

வருமானம் என்றதும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மாதச் சம்பளம் பல நிலையங்களில் சிறியது. சான்றிதழுக்கு இவ்வளவு என்று கமிஷன், வாடிக்கையாளர் தரும் ரிப்ஸ், முகமூடியும் செட்டையும் விற்றால் அதில் ஒரு பங்கு. சுற்றுலாப் பயணி வராவிட்டால் எதுவும் இல்லை. 2018இல் 23 இலட்சம் பேர் வந்த இலங்கைக்கு 2021இல் இரண்டு இலட்சம் பேர்கூட வரவில்லை. அந்த ஆண்டுகளில் இந்தத் தொழிலை விட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். 2024இல் எண்ணிக்கை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. படங்களில் வரும் நீலக் கடல் நாளில் இரண்டு மூன்று மணித்தியாலம்தான். மிச்ச நேரத்தில் நிரப்பினால் 15 கிலோவுக்கு மேல் வரும் சிலிண்டர்களை வள்ளத்துக்குத் தூக்குவதும், கொம்பிரஸரில் காற்று நிரப்புவதும், நல்ல தண்ணீரில் உபகரணம் கழுவுவதும்தான் வேலை.

செலவு ஒரே தடவையில் முடிவதில்லை. ஒவ்வொரு படிக்கும் தனிக் கட்டணம், ஐ.டி.சி.க்கு ஒரு கட்டணம், பரீட்சைக்கு வேறு, புத்தகங்களுக்கு வேறு, பிறகு ஆண்டுதோறும் உறுப்புரிமைப் புதுப்பிப்பும் காப்புறுதியும். மொத்தம் பல இலட்ச ரூபாய்க்குப் போகும். கையில் காசில்லாதவர்கள் பிடிக்கும் வழி, ஒரு நிலையத்தில் ஒரு பருவம் உதவியாளாக நின்று அதற்குப் பதிலாக டைவ்மாஸ்டர் பயிற்சி பெறுவது. நல்ல வழிதான். ஆனால் பேச்சு வாய்மொழியோடு நின்றால் பருவம் முடிந்த பிறகும் சிலிண்டர் தூக்கியபடி இருக்க நேரலாம். எத்தனை தடவை கடலில் இறக்குவார்கள், எந்த மாதம் சான்றிதழ், அதன் கட்டணம் யார் கையில் என்பதை எழுதி வாங்குங்கள். பாடம் நடத்துபவரின் உறுப்புரிமை இலக்கத்தைக் கேட்டு, அது நடைமுறையில் இருக்கிறதா என்று அமைப்பின் இணையத்தளத்தில் பார்த்துவிடலாம்.

அதற்கும் முன்னால் ஒரு வைத்தியரைப் பார்க்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, காதுச் சவ்வில் ஓட்டை, இருதயக் கோளாறு ஏதாவது இருந்தால் அனுமதி கிடைப்பது கடினம். சின்ன வயதில் காதில் சீழ் வடிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு ஒரு நாள் அறிமுகச் சுழியோடல். 12 மீற்றருக்குள், பயிற்றுநரின் கைக்கெட்டும் தூரத்தில், கடல் தனக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை யோசிக்கலாம். பெண்பிள்ளைகளும் தயங்க வேண்டியதில்லை. பெண் பயிற்றுநரிடம்தான் பழகுவோம் என்று கேட்டு வரும் பெண்கள் உண்டு, கிழக்கில் பெண் பயிற்றுநர்கள் அரிது.

போவதென்று தீர்மானித்தவர்கள் மே மாதம்வரை காத்திருக்கக் கூடாது. பருவம் தொடங்குமுன் நிலையங்கள் ஆட்களைப் பிடித்து முடித்துவிடும். மார்ச் கடைசியில், உப்புவெளியில் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருக்கும்போதே போய்க் கேட்பவருக்குத்தான் இடம்.